டிரம்பெட்காரரைத் தேடிய தை மாதம்

எனக்கு வேலை கிடைத்ததும் என் மாமியார் தெருவில் எல்லாரிடமும், "மருமகளுக்கு ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் என்னை நர்ஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். யாருக்காவது ஊசி போட வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எனக்கு ஊசி போடத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

உண்மையில் என் வேலை ஆஸ்பத்திரிக்குள் கொஞ்சம், வெளியே நிறைய. எண்பதுகளின் நடுவில் தாம்பரம் பக்கத்தில் ஒரு டீபி கிளினிக்கில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தேன். டீபிக்கு அப்போது நல்ல மருந்து வந்துவிட்டது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். கஷ்டம் அந்த "விடாமல்" என்ற சொல்லில்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். பசி எடுக்கும். தொளதொளவென்று இருந்த சட்டை உடம்போடு ஒட்டும். அப்புறம் எதற்கு மாத்திரை என்று ஆள் வராமல் நின்றுவிடுவார். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், அப்படி வருவது பழைய மருந்துக்கு அடங்காது. அதனால் ஒருவர் வரவில்லை என்றால் தேடிப் போய்க் கூட்டிவர வேண்டும். அதுதான் என் வேலை.

சும்மா தேடினால் கிடைத்துவிடுவார்களா? டீபி என்றால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். பெண்ணுக்கு வரன் நின்றுவிடும். டீக்கடையில் தனி கிளாஸ் வைப்பார்கள். அதனால் பலர் கொடுக்கும் விலாசமே அரைகுறையாக இருக்கும். "அம்மன் கோயிலுக்குப் பின்னாடி" என்பார்கள். எந்த அம்மன், எந்த ஊர் என்று இருக்காது. ஒருவர் மாமனார் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தார். அந்த மாமனார் இவரோடு பேசியே பல வருஷம் ஆகியிருந்தது.

போகப் போக எனக்கென்று சில வழிகள் வந்தன. வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன். தெருவுக்குள் நுழையும்போது நான் யாரோ ஒரு சேலை கட்டிய பொம்பளை, அவ்வளவுதான். தேடுகிற ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டேன்; பக்கத்து வீடு, எதிர் வீடு என்று சுற்றிக்கொண்டு போவேன். அயர்ன் வண்டிக்காரரிடம் கேட்பேன். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் துணியிலேயே தெரியும். நோயின் பெயரை மட்டும் எந்தத் தெருவிலும் வாயால் சொன்னதில்லை. சேலையூரில் ஒருவரைத் தேடி அலைந்துகொண்டே இருந்தேன். அவர் பெயரைக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் தெருவில் அவருக்கு "மிலிட்டரி" என்று பெயர். அவர் மிலிட்டரியில் இருந்ததே இல்லை. மீசையைப் பார்த்து வைத்த பெயர்.

பொய் சொல்வது எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அதனால் உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிடுவேன். "தெரிஞ்சவங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகைக் கடைசியில் அவர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒல்லி. இருமும்போது கைக்குட்டையில் ரத்தம். என்ன வேலை என்று கேட்டேன்.

"கொத்து வேல சிஸ்டர்."

கையைப் பார்த்தேன். சிமெண்டு பட்ட கை இல்லை. விரல்கள் சுத்தமாக, நகம் வெட்டி இருந்தன. மேல் உதட்டுக்கு நடுவில் மட்டும் ஒரு சின்னத் தழும்பு, காய்த்துப்போன மாதிரி. எதற்காக உதடு காய்க்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

மருந்து தொடங்கும் முன்னால் வீட்டை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கில் வழக்கம். அவர் வீடு பம்மலில். ஒரே வளாகத்தில் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று. அவர் மனைவி எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குழந்தை இல்லை. பரண்மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "அது வேல சாமான் சிஸ்டர்" என்றார் அவர். கொத்தனார் கரண்டியை யாரும் அப்படிப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க மாட்டார்கள். அதையும் கேட்கவில்லை.

மார்கழி முழுக்க ஒழுங்காக வந்தார். வாரத்தில் மூன்று நாள் காலையில், எங்கள் கண்முன்னால் மாத்திரையை முழுங்கிவிட்டுப் போவார். ஊசிக்கும் முகம் சுளிக்க மாட்டார். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் ஆள் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டு பம்மலுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க குடியிருந்தாங்களே, ஒரு தங்கச்சி, வீட்டுக்காரர்... பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

"அவுங்களா? காலி பண்ணிக்கினு பூட்டாங்கமா. அந்தாளு எப்பப் பாரு லொக்கு லொக்குனு இருமிக்கினே கெடந்தான். எங்க வூட்டுக்காரர் போவச் சொல்லிட்டாரு."

"எங்க போனாங்கன்னு தெரியுமா?"

"அத்த யாரு கேட்டா?"

இந்த மாதிரி நேரத்தில் நான் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. எங்கே போனார்கள் என்று தெரியாதவர்களுக்கும், எப்படிப் போனார்கள் என்று தெரிந்திருக்கும்.

"சாமானெல்லாம் எதுல ஏத்திக்கிட்டுப் போனாங்கக்கா?"

"மீன்பாடி வண்டிலதான். முக்குல நிக்குமே, அந்த வண்டி."

முக்கில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி இரண்டு நின்றன. இரண்டாவது வண்டிக்காரர் நிழலில் படுத்திருந்தார். எழுப்பிக் கேட்டதும் அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"ஆமாக்கா, பொழிச்சலூருல எறக்கினேன். ஏர்போர்ட்டு செவுரு தாண்டி, தண்ணி டேங்க் கீதே, அதுக்கு எதிர் சந்து. நல்ல மனுசன்கா. கட்டிலு, பாத்திரம், பீரோ எல்லாத்தையும் வண்டில போட்டாரு. ஒரே ஒரு கறுப்புப் பொட்டிய மட்டும் வைக்க மாட்டேன்ட்டாரு. கொழந்தையாட்டம் அத்த மார்ல அணைச்சிக்கினே பின்னாடி நடந்து வந்தாரு."

அன்றைக்கே பொழிச்சலூருக்குப் போனேன். எதிர் சந்தில் நாலைந்து வீடு தள்ளி, வாசலில் அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு மேல் ஒரு விமானம் இரைச்சலோடு இறங்கியது. அது போய் முடியும்வரை இருவரும் பேச முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவுரு இல்லக்கா. வேலைக்குப் போயிருக்காரு" என்றாள்.

"எங்க?"

"மறைமலை நகர்ல. கம்பெனி."

சொல்லும்போது அவள் கண் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். கொடியில் ஒரு கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. நல்ல சிவப்பு. தோளில் தங்க ஜரிகைக் குஞ்சம், மார்பில் இரண்டு வரிசைப் பித்தளைப் பித்தான். அப்படி ஒரு கோட்டை எந்தக் கம்பெனியிலும் கொடுக்க மாட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் முன்னால் போகிற பேண்டு செட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

உதட்டுத் தழும்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"என்ன வாசிக்கிறாரு?" என்று கேட்டேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டிரம்பெட்டுக்கா. பதினஞ்சு வயசுலேந்து அதான் அவுருக்கு எல்லாம். உங்க ஆஸ்பத்திரில சொன்னா ஊதக்கூடாதுன்னு சொல்லிடுவீங்கன்னு பயம். பேண்டு மாஸ்டருக்குத் தெரிஞ்சா ஆள மாத்திடுவாருன்னு அது ஒரு பயம். நானும் டெய்லி சொல்றேன்கா, மாத்திரை துன்னுட்டு வந்துருன்னு. கேக்க மாட்டேன்றாரு. நீங்க போயி பேண்டு கடைல சொல்லிடாதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன். இப்ப எங்க இருப்பாரு?"

"தை மாசம்கா. வூட்டுக்கே வர்றது இல்ல. இன்னிக்கு எங்கனு மாஸ்டருக்குத்தான் தெரியும்."

அவள் சொன்ன பேண்டு கடை குரோம்பேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. போய் அவரைக் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் அவர் பயந்ததே நடந்துவிடும். ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். "பேண்டு கடைக்கு எதுக்குப் போவாங்க? கல்யாணத்துக்குத்தானே. உன் தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கிட்டுதானே இருக்கோம்" என்றார்.

அது முழு உண்மை. நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கிளினிக் முடிந்ததும் குரோம்பேட்டைக்குப் போனேன். கடை என்றால் ஒரு ஷட்டர். உள்ளே சுவரில் டிரம், பெரிய பித்தளைக் குழல்கள். மாஸ்டர் பெரிய உருவம், வெள்ளை வேட்டி, வாயில் வெற்றிலை. ஒரு கிளாரினெட்டைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்குக் கல்யாணம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். "உங்க செட்டு எப்படின்னு ஒரு தடவ கேட்டுட்டா வீட்ல சொல்லலாம்."

"தாராளமா கேளுங்கம்மா. கேக்காம யாராச்சும் புக் பண்ணுவாங்களா? நாளைக்கி கேளம்பாக்கத்துல கிறிஸ்டின் கல்யாணம். சாயங்காலம் நாலு மணி. சர்ச்லேந்து மண்டபம் வரிக்கும் நம்ம ஆளுங்கதான். வந்து பாருங்க."

அவர் எனக்கு ஒரு டீ வேறு வாங்கிக் கொடுத்தார். டீ குடித்தபடி, "டிரம்பெட்டுக்கு நல்ல ஆளு இருக்காங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் கொஞ்ச நாள் ஒடம்பு சரியில்லாம இருந்தான். இப்ப வந்துட்டான். அவன் ஊதுனான்னு வச்சிக்கோங்க, பொண்ணு வூட்டுக்காரங்கோ அழுதுருவாங்கோ."

மறுநாள் தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போனேன். அப்போது அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் ஏரியும் வயலும்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வேலைக்குப் போகிறோமா, கல்யாணத்துக்குப் போகிறோமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பட்டுச் சேலை கட்டியிருந்தேன். கல்யாணத்தில் சாதாரணச் சேலையோடு நின்றால் எல்லாரும் யார் என்று பார்ப்பார்கள்.

சர்ச்சுக்கு வெளியே மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற அலங்காரம் செய்த ஒரு அம்பாஸிடர் நின்றது. அதற்கு முன்னால் சிவப்புக் கோட்டுகள் இரண்டு வரிசை. இரண்டாம் வரிசையில் ஓரத்தில் அவர். முதலில் அடையாளமே தெரியவில்லை. கிளினிக் பெஞ்சில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் இங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்றார். தொப்பியில் ஒரு வெள்ளை இறகு.

ஏதோ சினிமாப் பாட்டைத் தொடங்கினார்கள். கிளாரினெட் முதலில் எடுத்தது. அது முடிந்த இடத்தில் இவர் டிரம்பெட்டைத் தூக்கினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு வரியை அவர் எடுத்து, நீட்டி, விடாமல் கொண்டுபோய் மேலே வைத்தபோது என் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் அந்த நெஞ்சை நான் பார்த்திருக்கிறேன். வலது பக்கம் மேலே வெள்ளையாக, பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்தா இந்த மூச்சு வருகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வரிக்கு முன்னால் அவர் கண் கூட்டத்தில் ஓடி என்மேல் நின்றது. டிரம்பெட் உதட்டுக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் ஆகவில்லை என்பது போலத் தலையாட்டிச் சிரித்தேன். கிளாரினெட்காரர் இன்னொரு தடவை அதே வரியைச் சுற்றி வந்தார், இவர் சேர்ந்துகொண்டார். நானும் கூட்டத்தோடு மண்டபம்வரை நடந்தேன்.

மண்டபத்தில் பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். ஒரு பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்காரவைத்துவிட்டாள். பிரியாணி பிரமாதம். இரண்டாவது தடவை வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, மண்டபத்துக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"இன்னா சிஸ்டர், இவ்ளோ தூரம்?"

"உங்களப் பாக்கத்தான்."

"மாஸ்டராண்ட எதுனா..."

"ஒண்ணும் சொல்லல. என் தம்பி கல்யாணத்துக்கு பேண்டு பாக்க வந்திருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது இருமல் வரவில்லை என்பதை நான் கவனித்தேன். அவரும் அதை நான் கவனித்ததைக் கவனித்தார்.

"மூச்சு வந்துருச்சு சிஸ்டர். போன வருசம் ஒரு வரிக்கு ரெண்டு எடத்துல நிறுத்துவேன். இப்ப ஒரே மூச்சுல போவுது. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். நல்லா இருந்தது. அந்த மூச்ச மாத்திரைதான் குடுத்துச்சு. பாதில விட்டீங்கன்னா அதுவே திரும்ப எடுத்துக்கும். அப்ப இந்த மாத்திரை கேக்காது."

அவர் தொப்பியின் இறகைத் தடவிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "உங்க ஆஸ்பத்திரி காலைல எட்டு மணி சிஸ்டர். முகூர்த்தமும் அதே டைம்தான். நான் இன்னா பண்ணுவேன்? வியாதின்னு சொல்லி லீவு கேட்டா, முன்னாடி ஒரு கிளாரினெட்டுக்கு ஆன கதிதான். அவன் இருமுனான். மாஸ்டர் ஒண்ணும் சொல்லல. கூட ஊதுறவங்கோதான் பக்கத்துல நிக்க மாட்டேன்ட்டாங்க. அவனா வேலைய வுட்டு நின்னுட்டான்."

நான் ஏழெட்டு வருஷமாக இந்த வேலையில் இருந்தேன். தேடிக் கண்டுபிடித்த எல்லாரிடமும், ஏன் வரவில்லை என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வேறு மாதிரி வந்தது.

"சரி, நீங்க எப்ப வர முடியும்? சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலைல அஞ்சரைக்குலாம் செட்டு கெளம்பிடும். அதுக்கு முன்னாடின்னா வருவேன். ஆனா அப்ப ஆஸ்பத்திரி ஏது?"

"என் வீடு இருக்கே. மேற்கு தாம்பரம். ஸ்டேஷன்லேந்து நடந்து வர்ற தூரம்தான்."

சொல்லிவிட்டேனே தவிர, டாக்டர் என்ன சொல்வாரோ என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். எங்கள் பெரிய டாக்டர் சட்டம் பேசுகிறவர். கிளினிக்குக்கு ஒரு நேரம் இருக்கிறது என்பார். மறுநாள் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பிரியாணியைத் தவிர. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"டிரம்பெட்டா? டீபி வந்த நெஞ்சை வச்சுக்கிட்டா?"

"நல்லா வாசிக்கிறார் சார்."

"அதை நான் கேக்கல" என்றார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. "ஆளை ஒரு தடவ வரச் சொல்லு. சளி திரும்ப எடுத்துப் பாக்கணும், எக்ஸ்ரே எடுக்கணும். அப்புறம் மாத்திரை. ஒவ்வொரு தடவையும் அவர் முழுங்கறத நீ உன் கண்ணால பாப்பியா?"

"பாப்பேன் சார்."

"அப்ப உன் வீட்லயே குடு."

முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் அவர் வந்தார். சளி சுத்தமாகத்தான் இருந்தது. எக்ஸ்ரேயில் பஞ்சு பாதிக்குமேல் கரைந்திருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். டிரம்பெட்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

"ஊதுங்க" என்றார் டாக்டர். "மூச்சு முட்டினா நிறுத்திடணும். மருந்து முடியிற வரைக்கும் உங்க டிரம்பெட்ட நீங்க மட்டும்தான் வாயில வைக்கணும். அடுத்தவங்களுது உங்களுக்கு வேணாம், உங்களுது அடுத்தவங்களுக்கு வேணாம். புரியுதா?"

அவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த டாக்டர் எங்கள் கிளினிக்குக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் வாரத்தில் சில நாள் விடியற்காலையில் எங்கள் வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். சிவப்புக் கோட்டு, வெள்ளைப் பேண்ட், கேரியரில் கறுப்புப் பெட்டி. என் கணவர் எழுந்து டீ போடுவார். நான் மாத்திரையை எடுத்து வைப்பேன். முழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார், சின்னப் பையன் மாதிரி. சிவப்பு மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்து முதலில் பயந்ததையும், கோட்டு சாயம்தான் உள்ளே இறங்கிவிட்டதோ என்று நினைத்ததையும் சொல்லிச் சிரிப்பார். இட்லி வெந்திருந்தால் சாப்பிடுவார். அன்றைக்கு எங்கே கல்யாணம், போன கல்யாணத்தில் மாப்பிள்ளை எப்படி மழையில் நனைந்தார் என்றெல்லாம் சொல்லுவார். என் கணவர் ஸ்கூலுக்குப் போய் அந்தக் கதைகளை மற்ற வாத்தியார்களிடம் சொல்வது எனக்குத் தெரியும்.

தெருவில் எல்லாருக்கும் ஒரே சந்தேகம். மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா ஒரு நாள் என்னை நிறுத்தி, "உங்க வீட்ல அடிக்கடி பேண்டுக்காரர் வர்றாரே, என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவருங்க. டீ குடிச்சிட்டுப் போவார்" என்றேன்.

அதற்குள் அது உண்மையிலேயே முழு உண்மை ஆகியிருந்தது.

பங்குனியில் ஒரு நாள் வரவில்லை. மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பொழிச்சலூர் பஸ்ஸுக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி எதிரே வேர்க்க விறுவிறுக்க வந்தாள். செங்கல்பட்டு தாண்டி ஏதோ ஊரில் கல்யாணம், வேன் பழுதாகி அங்கேயே நின்றுவிட்டார்களாம். மாத்திரைப் பேச்சே எடுக்காமல், தாம்பரத்தில் சொல்லிவிடு என்று மட்டும் கடைக்கு போன் பண்ணி, கடைக்காரப் பையனை வீட்டுக்கு அனுப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். "நீங்க தேடிக்கினு அலைவீங்கன்னு என்னை ஓடச் சொன்னாருக்கா" என்றாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வராமல் போகிறவர் தானே ஆள் அனுப்பித் தகவல் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆனி மாதத்தில் மருந்து முடிந்தது. கடைசி நாளைக்கு மனைவியையும் அழைத்து வந்திருந்தார். மாத்திரையை முழுங்கினார், நாக்கைக் காட்டினார். அப்புறம் கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் டிரம்பெட் தூங்குகிற மாதிரி படுத்திருந்தது.

"இன்னா பாட்டு வோணும் அக்கா?" என்று கேட்டார். சிஸ்டர் எப்போது அக்கா ஆனேன் என்று ஞாபகம் இல்லை.

"ஐயோ, காலங்காத்தால வேணாம். தெருவே எழுந்திரிச்சு வந்துரும்."

"வாசிக்கட்டுமே" என்றார் என் கணவர் உள்ளேயிருந்து. கணக்கு வாத்தியார் அவ்வளவு ஆசையாக ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் சர்ச்சில் பாடுகிற ஒரு பாட்டை அவர் வாசித்தார். கிறிஸ்தவக் கல்யாணங்களில் வாசித்து வாசித்து அவருக்கு எல்லாம் பாடமாகியிருந்தது. மாடியில் ஜன்னல் திறந்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எதிர் வீட்டில் ஒருவர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்து நின்றார். கடைசி வரியை எங்கேயும் நிறுத்தாமல் கொண்டுபோய் முடித்தார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலைலயே ஆரம்பிச்சிட்டாரு" என்று திட்டுகிற மாதிரி சொன்னாள்.

அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் கிளினிக் வாசலில் பெரிய உருவமாக ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். பேண்டு மாஸ்டர். பின்னால், வயிற்றில் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு அடிக்கிற ஆள், தலையைக் குனிந்துகொண்டு.

"நம்ம டிரம்பெட்டு எல்லாத்தையும் சொன்னான்மா" என்றார் மாஸ்டர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "செட்டுல எல்லாரையும் ஒக்கார வச்சி அவனே சொன்னான். எனக்கு இது வந்துச்சி, மாத்திரை துன்னேன், பூட்ச்சி, இப்ப எப்பிடி ஊதறேன் பாருங்கன்னான். யாரும் ஒண்ணும் சொல்லல. இவன் ரெண்டு மாசமா இருமுறான். நானே இட்டாந்துட்டேன்."

சளி டெஸ்ட்டுக்கு டப்பாவைக் கொடுத்தேன். ரிசல்ட் வந்து, டீபி என்று உறுதியானது. விலாசம் எழுத வேண்டும். டிரம்காரர் தயங்கினார். ஒரு தெருப் பெயரைச் சொன்னார், அப்புறம் அதில்லை என்றார்.

"அட்ரஸ்லாம் எதுக்கும்மா?" என்றார் மாஸ்டர். "காலைல கடைக்கு வந்துதானே ஆவணும். மாத்திரை நாள்ல நானே கூட்டிக்கினு வரேன்."

அவர் சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தார். முகூர்த்த நாட்களில் விடியற்காலையில் இருவரும் சிவப்புக் கோட்டோடு என் வீட்டுக்கே வருவார்கள். மற்ற நாட்களில் கிளினிக்கில் மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து, மற்ற நோயாளிகளிடம், விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஆறு மாதம் டிரம்காரருக்காக நான் ஒரு தெருவிலும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மிச்சமான அந்த நேரத்தில் வேறு ஆட்களைத் தேடி மறைமலை நகர் பக்கம் போனேன்.